கைப்பேசியில் அந்தரங்கம் எவ்வளவு?

(வாசகசாலைக் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்கள் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிற கைப்பேசியைப் பற்றியதாகும். கடையில் வாங்கி, கம்பெனிக்காரன் வைத்துக் கொடுத்தபடியே அதை உபயோகித்து வருகிற நாம், நமது அந்தரங்கம் அதில் எவ்வளவு காப்பாற்றப்படும் என்று எதிர்பார்க்கலாம்? சிலர், “எல்லாம் போய்விட்டது, இனிப் பேசிப் பயனில்லை” என்கிறார்கள். வேறு சிலர், “பூட்டு எண் போட்டிருக்கிறேன், எனக்கென்ன பயம்?” என்கிறார்கள். இரண்டும் விசாரித்துப் பார்க்காமல் சொல்லுகிற பேச்சேயாகும்.

யாரிடமிருந்து காப்பு என்பதை முதலில் கேட்க வேண்டாமா?

திருடனிடமிருந்து என்றால், நல்ல காப்பே இருக்கிறது. இப்பொழுது விற்கிற ஆண்ட்ராய்டு ஆனாலும் ஐபோன் ஆனாலும், உள்ளே இருப்பதைச் சங்கேதமாக மாற்றியே வைக்கிறது. பூட்டு எண்ணை 1234 என்று வைத்துக்கொள்ளாதவரையில், எடுத்துப் போனவன் எளிதில் படித்துவிட முடியாது.

செயலிக்காரனிடமிருந்து என்றால், நாம் கொடுக்கிற அளவுதான் அவனுக்குக் கிடைக்கும். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், தொடர்பு எண்களையோ, காமிராவையோ, இருக்குமிடத்தையோ தொடுமுன் செயலி நம்மைக் கேட்டாக வேண்டும். கேட்டவுடன் நாம் என்ன செய்தோம்? படியாமலே “அனுமதி” என்று அழுத்தினோம். அதன் பலனைக் கடன் செயலி வாங்கினவர்களைக் கேளுங்கள். சில ஆயிரம் ரூபாய்க்காக மாமனாருக்கும் மேலதிகாரிக்கும் போன் செய்து மானத்தை வாங்கினார்கள். ரிசர்வ் வங்கி 2022-இல் இதற்குத் தடை விதித்தது. தனிநபர் கடன் செயலிகள் தொடர்பு எண்களைத் தொடக்கூடாதென்று கூகுள் விதி செய்தது 2023 மே 31 முதல்தான். அதுவரையில் பட்ட அவமானத்தை யார் திருப்பித் தருவார்கள்?

மூன்றாவது ஆள், இயங்குதளத்தைச் செய்த கம்பெனிக்காரன். இங்கேதான் காப்பு மிகவும் குறைவு. ஆண்ட்ராய்டை 2005-இல் வாங்கிய கூகுளுக்குப் பெரும் வருமானம் விளம்பரத்தில். விளம்பரக்காரனுக்கு வேண்டியதோ, நீங்கள் யார், எங்கே போனீர்கள், எதைத் தேடினீர்கள் என்கிற சங்கதி. அப்படியிருக்க, அவன் செய்து கொடுத்த ஏற்பாடு உங்களுக்கு அநுகூலமாக இருக்குமா, அவனுக்கு அநுகூலமாக இருக்குமா?

இது வெறும் சந்தேகமல்ல. டப்ளின் டிரினிடி கல்லூரிப் பேராசிரியர் டக்ளஸ் லீத் 2021-இல் சோதித்துப் பார்த்தார். சும்மா வைத்திருந்த ஆண்ட்ராய்டு போனும் ஐபோனும் சராசரி நாலரை நிமிஷத்துக்கு ஒரு தரம் தத்தம் கம்பெனிக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தன. கூகுள் அவர் அளந்த முறையை மறுத்து, போன் வேலை செய்வதே அப்படித்தான் என்று சமாதானம் சொல்லிற்று. இருக்கட்டும். ஆனால் இருப்பிட வரலாற்றை அணைத்து வைத்த பிறகும், வேறொரு பெயருள்ள விசையின் மூலம் இருப்பிடம் பதிவாகி வந்ததை 2018-இல் அசோசியேட்டட் பிரஸ் வெளியிட்டதே, அதற்கு என்ன சமாதானம்? அந்த விவகாரத்தில் 2022-இல் அமெரிக்காவின் 40 மாகாணங்களுக்கு 39 கோடியே 15 லட்சம் டாலர் கொடுத்துக் கூகுள் சமரசம் செய்துகொண்டது.

ஐபோன்காரர்கள் மகிழ வேண்டாம். ஐகிளவுடில் போய்ச் சேருகிற நகலில் பெரும்பகுதிக்குச் சாவி, வைத்துக் கொடுத்தபடி விட்டால், ஆப்பிளிடமும் இருக்கிறது. நாமே தேடிப்போய் மாற்றினால்தான் சாவி நம்மிடம் மட்டும் இருக்கும். அந்த ஏற்பாடும் 2022 டிசம்பரில்தான் வந்தது. எல்லா நாட்டிலும் கிடைப்பதுமில்லை.

“ஒளிக்க எனக்கு ஒன்றுமில்லையே” என்பவருக்கு ஒரு வார்த்தை. வைத்தியரிடம் போய்வந்த பெண், கடன்பட்ட குடியானவன், சங்கம் சேர்க்கிற தொழிலாளி, இவர்களெல்லாம் குற்றவாளிகளா? ஊரார் அறிய வேண்டாத காரியம் யோக்கியனுக்கும் உண்டு. நம் கடிதத்தைத் தபால்காரர் பிரித்துப் படித்தால் சும்மா இருப்போமா? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-இல் ஒருமுகமாகத் தீர்ப்பளித்திருக்கிறார்கள். தீர்ப்பு ஏட்டில் இருக்கிறது. விசை உங்கள் கையில் இருக்கிறது.

ஆகவே, இன்றிரவே செட்டிங்ஸைத் திறவுங்கள். கூகுள் கணக்கில் இணைய, செயலி நடவடிக்கைப் பதிவை நிறுத்துங்கள். விளம்பர அடையாள எண்ணை அழியுங்கள். எந்தச் செயலிக்கு எந்த அனுமதி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, காரணம் சொல்ல முடியாததைப் பிடுங்குங்கள். இதனாலேயே போன் ஊமையாகிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. நீங்கள் எந்தக் கோபுரத்தினருகில் இருக்கிறீர்கள் என்பது சிம் கம்பெனிக்குத் தெரிந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் கேட்காமல் கொடுப்பது வேறு, கேட்டு அறிந்து கொடுப்பது வேறு.

நான் சொன்னேன் என்பதற்காக இதை நம்பிவிட வேண்டாம். வீட்டிற்குப் போய் நீங்களே திறந்து பார்த்து, பிறகு முடிவு செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.