துறைமுகம் தேடிய போர்க்கப்பல்



சிலிபின் வட்டாரத்தில் வாழும் நம்மில் பலருடைய முன்னோர் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறி, பினாங்கில் இறங்கி, பேராக் தோட்டங்களுக்கு வந்தவர்கள். அந்தப் பினாங்குத் துறைமுகம் ஏன் தோன்றிற்று? விடை காண, நீராவிக் கப்பல்களுக்கு முந்திய காலத்துப் பாய்மரப் போர்க்கப்பல் ஒன்றின் வரலாற்றை இன்று நோக்குவோம்.

அதன் பெயர் 'ஏரோ'. பிரெஞ்சு மொழியில் 'வீரன்' என்பது பொருள். 1778ஆம் ஆண்டு பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் கட்டப்பெற்ற அது, 74 பீரங்கிகளைத் தாங்கியது. அவ்வகைக் கப்பலை இயக்க ஏறத்தாழ எழுநூறு பேர் வேண்டும். 1781இல் தளபதி சுஃப்ரனின் தலைமைக் கப்பலாக அது இந்தியப் பெருங்கடலை நோக்கிப் புறப்பட்டது.

அது போரிட்ட இடங்களின் பெயர்களைக் கேளுங்கள். 1782 பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினம், ஏப்ரலில் இலங்கையின் கிழக்குக் கரை, ஜூலையில் நாகப்பட்டினம், செப்டம்பரில் திருகோணமலை, 1783 ஜூனில் கடலூர். ஐந்து போர்களிலும் எதிரே நின்றவர் ஆங்கிலத் தளபதி எட்வர்டு ஹியூஸ். ஐந்திலும் இரு தரப்பும் ஒரு போர்க்கப்பலையேனும் மூழ்கடிக்கவுமில்லை, கைப்பற்றவுமில்லை.

அவ்வாறாயின் அக்கப்பலின் உண்மையான பகை எது? முறிந்த பாய்மரமும், தீர்ந்த உணவும், பருவக்காற்றுமே. திருகோணமலைப் போரில் 'ஏரோ'வின் நடுப்பாய்மரம் சாய்ந்தது. சில நாள்களில் அதே அணியைச் சேர்ந்த 'ஓரியான்' கரைதட்டிச் சிதைந்தது. சிதைந்த கப்பலிலிருந்து மீட்ட மரங்களே பாய்மரம் இழந்த கப்பல்களுக்கு உதவின. அத்தகைய நெடுமரங்கள் நம் கரையில் எளிதில் கிடைப்பன அல்ல.

சோழமண்டலக் கரையில் வடகிழக்குப் பருவக்காற்றைத் தாங்கும் இயற்கைத் துறைமுகம் இல்லை. ஆதலால் ஆங்கில அணி மேற்குக் கரையிலுள்ள பம்பாய்க்குச் சுற்றிச் சென்றது. மறு ஆண்டு ஏப்ரலில்தான் சென்னைக்கு மீண்டது. சுஃப்ரனோ கிழக்கே திரும்பி, 1782 நவம்பரில் சுமத்திராவின் அச்சே கரையில் நங்கூரமிட்டார். அச்சே, மலாக்கா நீரிணையின் வடக்கு வாயில். நம் நாட்டுக்கு அண்டைக் கரை. அங்கிருந்து 1783 சனவரியிலேயே அவர் இந்தியாவின் கிழக்குக் கரையை அடைந்தார். வங்கக் கடலின் கீழ்ப்புறத்தில் ஒரு தங்குமிடம் எத்துணைப் பயனுடையது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

கடலூர்ப் போர் நெஞ்சை உருக்குவது. ஆள் குறைந்த கப்பல்களுக்குக் கரைப்படையிலிருந்து 1,200 பேர் ஏற்றப்பட்டனர்; அவர்களில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர். அப்போரில் இரு தரப்பிலும் சேர்த்து ஏறத்தாழ இருநூறு பேர் மாண்டனர். ஆனால் அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்பே, சனவரியில், ஐரோப்பாவில் முதற்கட்ட அமைதி உடன்படிக்கை கையெழுத்தாகிவிட்டது! செய்தி வந்து சேர்ந்ததோ போர் முடிந்த பின்னரே. முடிந்துபோன போருக்காக மடிந்தவர்கள் அவர்கள்.

1784இல் 'ஏரோ' தாயகம் திரும்பியது. 1793 டிசம்பரில், தூலோனை விட்டு ஆங்கிலேயர் வெளியேறியபோது, அது எரிக்கப்பட்டது. பிறந்த துறையிலேயே அழிந்தது.

எனினும் அது உணர்த்திய பாடம் அழியவில்லை. வங்கக் கடலின் கிழக்கே தமக்கொரு துறைமுகம் வேண்டுமென ஆங்கிலேயர் எண்ணியதற்கு இப்போரும் ஒரு காரணம். 1786 ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். வணிக நோக்கமும் அதில் கலந்திருந்தது. போருக்கும் வணிகத்துக்கும் எனத் திறந்த அவ்வாயிலின் வழியேதான், பின்னாளில், நம் முன்னோர் மூட்டை முடிச்சுகளுடன் இம்மண்ணில் அடி வைத்தனர்.

மாணவச் செல்வங்களே! தளபதிகளின் பெயர்கள் நிலைத்துவிட்டன. புதுச்சேரியில் சுஃப்ரன் பெயரால் ஒரு வீதியே உண்டு. கடலூரில் கப்பலேறிய சிப்பாய்களின் பெயர்களை யார் அறிவர்? அக்காலத்தைத் தமிழர் எழுதாமலில்லை. 1778 முதல் 1792 வரையிலான இரண்டாம் வீராநாயக்கர் நாட்குறிப்பு புதுச்சேரியில் தமிழில் எழுதப்பட்டதே. அத்தகைய நூல்களை நீங்கள் தேடிப் படிக்க வேண்டும். உங்கள் வீட்டு முதியோர் எந்தத் துறையில் கப்பலேறினர், எந்தத் தோட்டத்துக்கு வந்தனர் என்பதையும் இன்றே கேட்டு எழுதி வையுங்கள். எழுதப்படாத பெயர் மறக்கப்படும்.