மாத்திரை கைக்கு எட்டும், தடுப்பது பயம்தான்

(உலக எய்ட்ஸ் தினத்தையொட்டி நடந்த சங்க மாதக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற எச்.ஐ.வி. ஆலோசகர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



"நம்ம அபார்ட்மெண்ட்டுக்கு இந்தத் தலைப்பு எதுக்குங்க?" என்று சிலர் கேட்டீர்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டதே நம் சென்னையில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வில் அது தெரியவந்தது. அதன்பிறகு வைத்தியம் எவ்வளவோ முன்னேறிவிட்டது. நம் பயம் மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை.

2004 ஏப்ரல் முதல் அரசு ஏ.ஆர்.டி. மருந்தை இலவசமாகத் தருகிறது. இன்று பெரும்பாலானவர்களுக்கு தினம் ஒரே ஒரு மாத்திரைதான். தவறாமல் சாப்பிட்டால், ரத்தத்தில் வைரஸ் பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறையும். அந்த நிலை நீடித்தால் உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது. லிஃப்ட், நீச்சல் குளம், ஒரே டம்ளர், கொசுக்கடி இவற்றால் எச்.ஐ.வி. பரவவே பரவாது.

பிறகு சிக்கல் எங்கே? மாத்திரையை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைப்பார்கள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அன்றைக்கு சாப்பிட மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிடுவாரோ என்று மருத்துவமனைக்கே போகாமல் இருந்துவிடுவார்கள். இடையிடையே விட்டால் வைரஸ் மறுபடி பெருகும், மருந்துக்கும் பழகிவிடலாம்.

இந்த இடத்தில்தான் அதே தொற்றோடு வாழும் இன்னொருவரின் துணை பெரிய பலம். சென்னையில் 1998-ல் கௌசல்யாவும் தோழிகளும் 'பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்' தொடங்கியது அதற்காகத்தான். "தினமும் சாப்பிடுங்க" என்று டாக்டர் சொல்லிவிடுவார். கல்யாண வீட்டில் பத்துப் பேர் படுத்திருக்கும் அறையில் எப்படிச் சாப்பிடுவது, கணவரிடம் எப்படிச் சொல்வது என்பதையெல்லாம் அனுபவப்பட்டவர் சொன்னால்தான் மனசு கேட்கும்.

அக்கம்பக்கத்தில் இருக்கும் நாம் செய்ய வேண்டியது மூன்றே மூன்று.

ஒன்று: வீட்டு வேலைக்கோ டிரைவர் வேலைக்கோ ஆள் சேர்க்கும்போது எச்.ஐ.வி. டெஸ்ட் கேட்காதீர்கள். 2017-ம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் அதைத் தடை செய்கிறது.

இரண்டு: தொற்று இருக்கிறது என்பதற்காக யாருக்கும் வாடகைக்கு வீடு மறுக்காதீர்கள், இருப்பவரைக் காலி செய்யச் சொல்லாதீர்கள். அதுவும் சட்டப்படி குற்றம் சொல்லத்தக்க பாகுபாடுதான்.

மூன்று: ஒருவரைப் பற்றித் தெரியவந்தால் அது உங்களோடு நிற்கட்டும். நம் வாட்ஸ்அப் குழுவில் "ஜாக்கிரதைக்காக" போடும் ஒரு வரி, ஒருவருடைய மாத்திரையை நிறுத்திவிடும்.

சந்தேகம் இருப்பவர்கள் அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம். விவரம் வெளியே போகாது. 1097 என்ற இலவச எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம். ஊசி குத்தியது போன்ற ஆபத்து நேர்ந்திருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கியாக வேண்டும். 28 நாள் சாப்பிட வேண்டும்.

தனியாகப் பேச விரும்புகிறவர்கள் எப்போது வேண்டுமானாலும் என் வீட்டுக் கதவைத் தட்டலாம். என்ன பேசினோம் என்பது என் வீட்டில் இருப்பவர்களுக்குக்கூடத் தெரியாது.