தெரியாது என்று சொல்லும் துணிவு
(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்கம் பெற்ற வெற்றிகளை எனக்கு முன் பேசியோர் எடுத்துரைத்தனர். வெற்றிக்குப் பின் நம் பிள்ளைகள் சுமக்கும் சுமையைக் குறித்து நான் சில சொல்ல விரும்புகிறேன்.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் மருத்துவப் படிப்பை முடித்து, ஓராண்டுக் கட்டாயப் பயிற்சியில் இருந்தார். பொங்கலுக்கு ஊர் வந்தவர் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, "ஐயா, எனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று தோன்றுகிறது. திரும்பிப் போக அச்சமாக இருக்கிறது" என்றார். "நம் தெருவின் முதல் டாக்டர் நீ; பின்வாங்கலாமா, தம்பி?" என்றேன் நான். அவர் மறுமொழி கூறாது எழுந்து சென்றார். பயிற்சி முடிந்த பின் ஒரு நாள், "இரவுப் பணியைவிட அந்தச் சொல்தான் ஐயா, கனமாக இருந்தது" என்றார். ஊக்கம் என்று எண்ணி நான் ஏற்றியது சுமையே என்பதை அன்று உணர்ந்தேன்.

அவருடைய அச்சம் கோழைத்தனம் அன்று. ரெனே ஃபாக்ஸ் என்னும் அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் 1957ஆம் ஆண்டிலேயே இதனை ஆராய்ந்தார். மருத்துவம் பயில்வோர்க்கு ஐயம் மூவகையில் எழும் என்றார் அவர். தாம் இன்னும் கல்லாமையால் எழுவது ஒன்று. மருத்துவ அறிவே இன்னும் எட்டாமையால் எழுவது மற்றொன்று. இவ்விரண்டில் தம் முன் நிற்பது எது என்று பிரித்தறிய இயலாமை மூன்றாவது. இம்மூன்றாவதே இளைஞரை வாட்டுகிறது.

குடும்ப மருத்துவர்க்கு இவ்வையம் அன்றாடத் துணை. காய்ச்சலின் முதல் நாளில் வரும் குழந்தைக்கு வந்திருப்பது சாதாரணச் சளிக் காய்ச்சலா, டெங்குவா என்று உடனே உறுதி கூறல் அரிது. காய்ச்சல் தணியும் வேளையிலேயே டெங்கு அபாயக் கட்டத்தை எட்டவும் கூடும். ஆகவே நல்ல மருத்துவர், "கடும் வயிற்றுவலி, இடைவிடா வாந்தி, இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு கண்டால் உடனே வாருங்கள், இல்லையெனினும் நாளை மறுபடி காட்டுங்கள்" என்று சொல்லி அனுப்புகிறார். ஐயத்தை மறைக்காமல், அதற்கு ஒரு வேலி கட்டுகிறார். இதுவும் கற்க வேண்டிய கலையே.

ஐயத்தோடு ஓய்வின்மையும் சேர்ந்தால் உள்ளம் வறளும். 1974ஆம் ஆண்டு ஃப்ராய்டன்பெர்கர் என்னும் உளவியலார் இத்தகைய பணிச்சோர்வைப் பற்றி எழுதினார். 2019ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இதனை நோயெனக் கொள்ளாது, பணியிடத்தில் தீராத மன அழுத்தத்தின் விளைவெனக் குறித்தது. எனவே குறையைத் தனி மனிதரிடம் மட்டும் தேடுதல் முறையன்று. உறைவிட மருத்துவர் பொதுவாக வாரத்தில் 48 மணி நேரத்திற்கு மேல் பணி செய்யலாகாது என்று மத்திய அரசின் திட்டம் 1992இலேயே கூறிற்று. 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழுவோ, 74 மணிக்கு மிகாதிருக்கட்டும் என்று பரிந்துரைத்தது. இவ்விரு எண்களுமே நிலைமையைச் சொல்லிவிடுகின்றன.

நம் பிள்ளைகளுக்கு வேறொரு சுமையும் உண்டு. டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்கள் பாகுபாட்டுக்கு உள்ளானதைப் பேராசிரியர் சுகதேவ் தோரட் குழு 2007இல் எடுத்துக்காட்டியது. பிறர் "தெரியாது" என்றால் அது கற்கும் பருவத்தின் இயல்பு. நம் பிள்ளை "தெரியாது" என்றால் அதற்குச் சாதியைக் காரணம் காட்டும் நாவுகள் உள. அதனாலேயே அவர்கள் கேட்க வேண்டியதைக் கேளாது வாய்மூடி நிற்கின்றனர். சித்த மருத்துவராய் விளங்கிய அயோத்திதாசப் பண்டிதரை ஈன்ற சமுதாயம் நம்முடையது. மருத்துவம் நமக்கு இரவல் சொத்தன்று என்பதை அவர்கள் நெஞ்சில் நிறுத்தல் வேண்டும்.

இனிச் செய்யத்தக்கது யாது? இலண்டனில் மைக்கேல் பாலிண்ட் என்னும் மருத்துவர் 1950களில் பொது மருத்துவர்களை வட்டமாக அமர்த்தி, தம்மை வருத்திய நோயாளிகளைப் பற்றி மனந்திறந்து பேசச் செய்தார். அம்முறை இன்றும் பல நாடுகளில் தொடர்கிறது. தமிழக அரசு 2022இல் மருத்துவ மாணவர்க்கென மனநல நல்லாதரவு மன்றங்களைத் தொடங்கியது. 14416 என்ற எண்ணில் எந்நேரமும் மனநல ஆலோசனை பெறலாம். இவற்றை நாடுவதில் நாணத்திற்கு இடமில்லை. நம் சங்கமும் மருத்துவம் பயில்வோரை, முன்னரே பயின்று வெளிவந்தோருடன் ஆண்டுக்கு இருமுறையேனும் கூட்டி வைக்கலாம். அங்கே அறிவுரை வேண்டாம்; செவி போதும்.

நம் தளவானூரில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கோயிலைக் கண்டிருப்பீர்கள். அப்பாறையைக் குடைந்த உளிகள் எத்தனை முறை முனை மழுங்கியிருக்கும்! மழுங்கிய உளியை வீசி எறிந்திருந்தால் கோயில் எழுந்திராது. கொல்லனின் உலைக்கு அனுப்பித் தீட்டிய பின்னரே வேலை தொடர்ந்திருக்கும். மன உறுதி என்பது மழுங்காமை அன்று. மழுங்கியதைக் கூறவும், தீட்டிக்கொள்ளவும் இடம் பெற்றிருத்தலே.

பெற்றோர்களே! பிள்ளை ஊர் வந்ததும் "எப்போது கிளினிக் வைப்பாய்?" என்று கேட்பதற்கு முன், "தூங்கினாயா, சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். இளைஞர்களே! தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அதனைக் கற்றும் காட்டுங்கள். இனி என் திண்ணைக்கு வருவோரிடம் நான் முதலில் கேட்பேன், பிறகே பேசுவேன்.