ஆட்டக்காரரின் கால் நோவும் நரம்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தமிழ் விழாவில் காலைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். நீலசந்திராவில் வாழும் நமக்கு அந்த ஐயம் எழலாகாது. கூப்பிடு தொலைவில் இருக்கிறது ஆஸ்டின் டவுன் பந்தாட்ட மைதானம். 1948-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலைப் போட்ட சாரங்கபாணி ராமன் இந்தப் பெங்களூர் தந்த வீரர். அன்று நம் அணியினர் பலர் வெறுங்காலோடு ஆடினர். 1952-இல் ஹெல்சிங்கியின் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்ற பின்னரே பூட்ஸ் இன்றியமையாதது என்ற நிலை வந்தது. 1962-இல் ஜகார்த்தாவில் ஆசியத் தங்கம் வென்ற அணியில் நம் பெங்களூர் அருமைநாயகம் இருந்தார். பந்தாட்டத் திறத்தால் எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்ற ஆலைகளில் வேலை பெற்றுக் குடும்பத்தைக் கரையேற்றியவர்களையும் நாம் அறிவோம். ஆகவே, ஆடும் பிள்ளையின் கால் நோவு வீட்டின் நாளையைத் தொடும் செய்தி.

அந்தப் பூட்ஸிலிருந்தே தொடங்குவோம். அது முள்ளையும் கல்லையும் தடுத்தது. கூடவே ஒரு புதுத் தொல்லையையும் அழைத்து வந்தது. அண்ணன் கழித்ததைத் தம்பி அணிவது நம் வீடுகளில் வழக்கம். பெரிதாக இருந்தால் கழலாதிருக்கக் கயிற்றை இறுக்கிக் கட்டுகிறான். புறங்காலில் எலும்பை ஒட்டி, மேலே போதிய தசைக் காப்பின்றி, ஒரு நரம்பு ஓடுகிறது. கயிறு அதை நெரிக்கும்போது பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே தோல் மரத்துப் போகும். கயிற்றைத் தளர்த்தினாலே பலருக்கு இது தணிந்துவிடும். மாறாக, பூட்ஸ் சிறிதாகி முன்புறம் குறுகியிருந்தால், மூன்றாம் நான்காம் விரல்களுக்கு இடையே செல்லும் நரம்பு நசுங்கித் தடிக்கும். கூழாங்கல்லை மிதித்துக்கொண்டே ஓடுவது போன்ற வேதனை அது. பூட்ஸைக் கழற்றித் தேய்த்துவிட்டால் சற்றே குறையும். பிலடெல்பியாவில் மார்ட்டன் என்ற மருத்துவர் 1876-இலேயே இதை விரித்து எழுதினார். இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

இவற்றினும் நுட்பமானது கணுக்காலின் உட்புறத்து நோவு. உட்பரட்டுக்குப் பின்னே ஒரு குறுகிய சுரங்கம் உண்டு. எலும்பு அதன் சுவர். உறுதியான நார்ப்பட்டை அதன் கூரை. விரல்களை மடக்கும் தசைநாண்களும் இரத்தக் குழாய்களும் உள்ளங்காலுக்குச் செல்லும் பெருநரம்பும் அதனூடே நெருக்கியடித்துச் செல்கின்றன. சுளுக்கினால் வீக்கம் கண்டாலும், தட்டைப் பாதத்தால் கால் உட்புறம் சாய்ந்தாலும், உள்ளே சிறு நீர்க்கட்டி தோன்றினாலும் விரிந்து கொடுக்க அங்கே இடமில்லை, நரம்பே நெரிபடுகிறது. உள்ளங்கால் எரியும். ஓட ஓட மிகும். சிலருக்கு இரவிலும் உறக்கத்தைக் கெடுக்கும். 1962-இல் கெக், லாம் என்னும் இருவர் தனித்தனியே இந்நோயை எடுத்துரைத்தனர்.

கால் உட்புறமாக மடங்கிச் சுளுக்கும்போது வெளிப்புறத்து நரம்பு இழுபடுவதும் உண்டு. வீக்கம் வடிந்த பின்னும் புறங்காலில் எரிச்சல் நீடித்தால் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். சுளுக்கு எடுப்பவரிடம் ஓடி, எண்ணெய் காய்ச்சி முறுக்கி இழுப்பது இங்கே உதவாது. நொந்த நரம்பை மேலும் நோகடிக்கும்.

நரம்பு நோவை எப்படி அறிவது? தசை நோவு பெரும்பாலும் மந்தமாகக் குடையும். நரம்பு நோவோ எரியும், மின்சாரம் பாய்ந்தாற்போல் சுரீரென்னும், எறும்பு ஊரும், மரத்துப் போகும். காலையில் முதல் அடி வைக்கையில் குதிகால் மிக வலித்து, நடக்க நடக்கத் தணிந்தால், உள்ளங்கால் சவ்வின் அழற்சி என்று பெரும்பாலும் கருதலாம். நேர்மாறாக, ஆட்டம் நீள நீள வலி கூடினால் நரம்பின் மீது ஐயம் கொள்ள வேண்டும். நரம்பு நெரிபடும் இடத்தை மெல்லத் தட்டினால் சுரீரென்ற உணர்ச்சி விரல்வரை ஓடும். டினெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1915-இல், போரில் நரம்பு காயமுற்ற வீரர்களிடம் கண்டு எழுதிய குறி இது.

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், நரம்பைக் காட்டாது. படத்தில் ஒன்றுமில்லை என்றவுடன், "பயிற்சிக்குப் பயந்து நடிக்கிறான்" என்று வீட்டிலும் மைதானத்திலும் பேச்சு எழுகிறது. அணியில் இடம் பறிபோகுமென்று அஞ்சிப் பிள்ளையும் வலியை மறைத்து ஆடுகிறான். இது பெருந்தீங்கு. வேலூரில் தொழுநோயாளரிடையே பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்டு கண்ட உண்மையை இங்கே நினைக்கலாம்: அந்நோயாளரின் பாதங்கள் தாமே அழுகுவதில்லை, நரம்பு செத்து வலி தெரியாமற் போனதால், காயத்தின் மேல் காயம் பட்டே அழிகின்றன. நம் பிள்ளைக்கோ வலி இருக்கிறது. அதைச் சொல்லவும் செய்கிறான். அவனை நடிகனாக்குவானேன்?

மருத்துவரிடம் செல்லும்போது ஆடும் பூட்ஸையும் எடுத்துச் செல்க. எந்த விரல் மரக்கிறது, எத்தனை நேரம் ஓடினால் எரிகிறது என்பதைப் பிள்ளையே சொல்லட்டும். பாதத்தில் வலித்தாலும் மூலம் முதுகெலும்பில் இருக்கலாம். பெரியவர்களாயின் சர்க்கரை நோயையும் பி12 சத்துக் குறைவையும் பார்த்துவிட வேண்டும். தேவையாயின் நரம்பின் வேகத்தை அளக்கும் சோதனையும் ஸ்கேனும் உண்டு. ஓய்வு, பொருத்தமான பூட்ஸ், பாதத்தைத் தாங்கும் உள்ளட்டை, உடற்பயிற்சி ஆகியவற்றாலேயே பலர் தேறுகின்றனர். அறுவை கடைசி வழி. பாதத்தைத் தூக்க இயலாமல் தொங்கினாலோ, அடிபட்ட பின் கெண்டைக்கால் கல்போல் இறுகித் தாங்கொணா வலி கண்டாலோ ஒரு நாளும் காத்திராமல் மருத்துவமனைக்கு விரைக.

புது பூட்ஸை மாலையில் வாங்குவது நன்று. அப்பொழுதுதான் பாதம் தன் முழு அளவில் இருக்கும். தம்பியின் நாடகம் தொடங்கவிருப்பதால் இத்துடன் அமைகிறோம். கால் வலியுள்ள பிள்ளைகள் நாடகம் முடிந்ததும் மேடையருகே வரலாம்.