சோறுதான் மருந்து



சேமிப்பு, கடன் பற்றி எனக்கு முன்னால் நல்லாப் பேசிவிட்டார்கள். நான் என் மகளைப் பற்றிப் பேசப் போகிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். "என் எடை எத்தனைன்னு மட்டும் சொல்லாதேம்மா"ன்னா. சொல்ல மாட்டேன்.

பதினொன்றாவது படிக்கும்போது ஆரம்பித்தது. முதலில் ராத்திரிச் சோறு வேண்டாம்னா. அப்புறம் வெள்ளிக்கிழமை விரதம், பிறகு செவ்வாயும் சேர்ந்துகொண்டது. பொண்ணுக்கு பக்தி வந்துருச்சுன்னு நான் பெருமைப்பட்டேன். டிபன் பாக்ஸ் காலியாத்தான் வரும். சோறு நாய்க்குப் போனது பிறகுதான் தெரிந்தது. ஆனா வீட்டில் எல்லாருக்கும் ஆசையா சமைச்சுப் போடுவா, செல்போன்ல எந்நேரமும் சமையல் வீடியோ பார்ப்பா. சித்திரை வெயிலில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருப்பா. கையில் பூனைமுடி வளர்ந்தது, தலைமுடி கொத்தாகக் கொட்டியது. மூணு மாசம் தூரம் ஆகலை.

காத்து கருப்புன்னு மந்திரிச்சோம், தாயத்து கட்டினோம். "ஒல்லியா இருந்தாத்தான் மாப்பிள்ளை கிடைக்கும், விடுக்கா"ன்னு சொன்னவங்களும் உண்டு. நான் கெஞ்சினேன், அதட்டினேன், அடிச்சும் இருக்கேன்.

ஒருநாள் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் நாடித்துடிப்பு ரொம்பக் குறைவுன்னு படுக்க வைத்துவிட்டார்கள். பிறகு மனநல டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். அந்த போர்டைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் வெளியிலேயே நின்னுட்டார்.

"இது பிடிவாதமில்லைம்மா, நோய். எலும்பா இருந்தாலும் குண்டா இருக்கேன்னுதான் இவ மனசு சொல்லும்" என்றார் டாக்டரம்மா. இன்னொன்றும் சொன்னார். 1944, 45ல் அமெரிக்காவில் மினசோட்டா என்ற இடத்தில் நல்ல திடமான 36 ஆம்பளைங்களுக்கு ஆறு மாசம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்களாம். அவங்களுக்கும் எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு, சமையல் புத்தகம் படிக்கிறது, சிடுசிடுப்பு, யாரோடும் ஒட்டாமல் போவது எல்லாம் வந்ததாம். பட்டினியே மனசை மாற்றிவிடுமாம். அவங்களுக்கெல்லாம் பேயா பிடிச்சது?

நான் தூக்குச்சட்டி நிறையக் கறிக்குழம்பும் சோறும் கொண்டுபோனேன். நர்ஸம்மா தடுத்தாங்க. ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாகக் கொடுத்தால் ரத்தத்தில் இருக்கிற உப்புச் சத்துகள் சட்டென்று இறங்கி, உயிருக்கே ஆபத்தாம். ரத்தம் சோதித்துச் சோதித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டினாங்க.

எப்படி ஆரம்பிச்சதுன்னு டாக்டரம்மா கேட்டதுக்கு அவ சொன்னா: "குழுக் கூட்டத்தில் அம்மா என்னைப் பூசணிக்கான்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க." எனக்கு அது ஞாபகமே இல்லை. ஒரு வார்த்தையால் மட்டும் இந்த நோய் வராது, பிறவிக்கூறும் உண்டு, உங்களையே குற்றம் சொல்லிக்காதீங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க. ஆனாலும் அன்றைக்கு ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை. அந்தக் கூட்டத்தில் சிரிச்சவங்க சிலர் இங்கே உட்கார்ந்திருக்கீங்க. கோபமில்லை, சொன்னது நான்தானே.

ஆஸ்பத்திரிக்கு அலைய சங்கத்தில் உள்கடன் கேட்டப்போ, காரணம் "வயிற்றுவலி"ன்னு எழுதினேன். எங்க ஊக்குநர் அக்கா என் முகத்தைப் பார்த்து, "உண்மையைச் சொல்லு, கடன் எப்படியும் உண்டு"ன்னாங்க. அன்னைக்குத்தான் முதல்முதலா வெளியில் சொல்லி அழுதேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பெரிய வேலை. மூணு வேளைச் சாப்பாடு, இடையில் மூணு தடவை ஏதாவது. எவ்வளவு என்பதை நான்தான் முடிவு செய்யணும், பக்கத்திலேயே உட்காரணும். சாப்பிட்ட உடனே கக்கூஸ் பக்கம் தனியா விடக்கூடாது. ஒரு தோசைக்கு ஒரு மணி நேரம் ஆகும். தட்டைத் தூக்கி எறிவா. "நீ என் அம்மாவே இல்லை"ன்னா ஒருநாள். நோய் பேசுது, பிள்ளை பேசலைன்னு நினைச்சுக்கிட்டு அடுத்த தோசையை ஊத்தினேன். எடை, நிறம், குண்டு, ஒல்லி என்ற பேச்சே வீட்டில் கிடையாது. வெளியில் நின்ற மனுஷன், வாரா வாரம் அவளைப் பஸ்ஸில் கூட்டிப்போக ஆரம்பிச்சார்.

எட்டாம் மாசம் தூரமானாள். பொதுத்தேர்வு சமயத்தில் திரும்பவும் சாப்பாட்டைக் குறைச்சா, திரும்பவும் முதலிலிருந்து. இப்போ பரவாயில்லை, முழுசா முடிஞ்சதுன்னு சொல்ல மாட்டேன்.

சாப்பிட்டுவிட்டு ரகசியமாக வாந்தி எடுக்கிற பிள்ளைகளும் உண்டு. அவங்க எடை குறையாமலேயே இருக்கலாம், அதனால் கண்டுபிடிக்கிறது கஷ்டம். பல் அரிக்கும், இருதயமும் கெடும். யாருக்காவது சந்தேகம் இருந்தா 14416க்குப் போன் பண்ணுங்க. அரசாங்கத்தின் டெலி மானஸ், இலவசம், தமிழில் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பாங்க. மயக்கம், படபடப்பு இருந்தா போனெல்லாம் வேண்டாம், நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.

தனியாப் பேசணும்னா, கூட்டம் முடிஞ்சதும் நான் பந்தி பரிமாறுகிற இடத்தில்தான் இருப்பேன். என் மகளும் அங்கேதான் இருக்கா. அவளைப் பார்த்து "தேறிட்டே, சதை போட்டுட்டே"ன்னு மட்டும் தயவுசெய்து சொல்லிடாதீங்க.