முகத்துக் கிரீமும் சிறுநீரகமும்

சிங்கப்பூரின் பொங்கோலில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பவர்களே, முகத்துக்கு என்ன பூசியிருக்கிறீர்கள்? காரணத்தோடுதான் கேட்கிறேன்.

கேரளத்துக் கோட்டக்கல்லில் 2021 முதல் 2023 வரை மருத்துவர்கள் ஒருவகைச் சிறுநீரக நோயைக் கவனித்தார்கள். அதில் அரிய வகை இருப்பதாகத் தெரிந்தவர்கள் 15 பேர். அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள்! சந்தேகம் கிரீமில் கலந்த பாதரசத்தின்மேல். முகத்தில் பூசினாலும் தோல் வழியே ரத்தத்தில் இறங்கிவிடும். சிறுநீரகம் தேநீர் வடிகட்டி மாதிரி. வலை கெட்டால் புரதம் ஒழுகும். சிறுநீர் நுரைக்கும், கால் வீங்கும்.

கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது. அதுதான் ஆறுதல்.

சிங்கப்பூரில் பாதரச கிரீமுக்கு அனுமதி இல்லை. ஆனால் இணையத்தில் வாங்குகிறோமே! என்ன கலந்திருக்கிறது என்று அச்சிடாத டப்பாவா? வேண்டாம். ஏற்கனவே பூசுகிறவர்களே, கால் வீங்கினால் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். டப்பாவையும் எடுத்துப் போங்கள்.