ஒரு சோறு பதமும் பகல்நேரத் தொடர்களும்



2009ஆம் ஆண்டு செப்டெம்பர் 18ஆம் நாள் அமெரிக்காவின் சி.பி.எஸ் தொலைக்காட்சியில் 'கைடிங் லைட்' என்னும் பகல்நேரத் தொடரின் இறுதிப் பகுதி ஒளிபரப்பானது. 1937 சனவரியில் வானொலியில் தொடங்கி, 1952இல் தொலைக்காட்சிக்கு வந்து, 72 ஆண்டுகள் தொடர்ந்த கதை அது. பாட்டி வானொலியில் கேட்டதைத் தாய் தொலைக்காட்சியில் பார்த்தாள். தாய் பார்த்ததை மகளும் பார்த்தாள். கதை தீர்ந்துபோனதால் அது நிறுத்தப்படவில்லை. பார்வையாளர் அளவீட்டில் அதன் எண் ஆண்டுக்காண்டு இறங்கி, விளம்பர வருவாய் செலவை ஈடுசெய்யாத நிலைக்கு வந்ததால் நிறுத்தப்பட்டது.

அந்த எண்ணை எடுப்பவர் யார்? எவருக்காக எடுக்கின்றார்? எவரை எண்ணி, எவரை எண்ணாமல் விடுகின்றார்? இக்கேள்விகள் தொலைக்காட்சித் துறையினருக்கு மட்டும் உரியவை என்று புலம்பெயர்ந்த ஒரு சமூகம் ஒதுங்கியிருக்க இயலாது. எண்ணப்படாத மக்களுக்குத் திரையில் இடம் கிடைப்பது அரிது என்பதே பகல்நேரத் தொடர்களின் வரலாறு கற்பிக்கும் பாடம்.

இத்தொடர்களை ஆங்கில உலகம் 'சோப் ஒபேரா' என்று அழைக்கின்றது. சோப் என்றால் சவர்க்காரம். 1930களில் வானொலியில் இக்கதைகள் உருவானபோது அவற்றுக்குப் பணம் கொடுத்தவர்களில் முதன்மையானவர்கள் சவர்க்காரம் விற்ற நிறுவனத்தார். புரொக்டர் அன்ட் காம்பிள் நிறுவனம் விளம்பரம் கொடுத்ததோடு நில்லாது தொடர்களைத் தானே தயாரிக்கவும் செய்தது. பகற்பொழுதில் வீட்டில் இருக்கும் பெண்ணே கடையில் சவர்க்காரம் வாங்குபவள் என்பது அவர்கள் கணக்கு. ஆகவே இத்துறையில் விற்கப்படும் சரக்கு கதையன்று. கதையைப் பார்ப்பவரின் கவனமே சரக்கு, வாங்குபவர் விளம்பரதாரர். அந்தச் சரக்கை நிறுக்கும் தராசுதான் பார்வையாளர் அளவீடு.

அமெரிக்காவில் அத்தராசைப் பல்லாண்டுகளாகப் பிடித்திருப்பது நீல்சன் நிறுவனம். ஆர்தர் நீல்சன் என்பவர் 1923இல் சிக்காகோவில் நிறுவிய இந்நிறுவனம், முதலில் வானொலி நேயர்களை அளந்து, 1950இல் தொலைக்காட்சிக்கு வந்தது. பெட்டி எந்த அலைவரிசையில் ஓடுகின்றது என்பதைப் பதியும் கருவியும், வீட்டார் தம் கையால் நிரப்பும் நாட்குறிப்பும் அதன் தொடக்கக்காலக் கருவிகள். பெட்டி ஓடுவது கருவிக்குத் தெரியும். அதன் முன் இருப்பது தாயா, குழந்தையா, எவருமே இல்லையா என்பது தெரியாது. இக்குறையைப் போக்க 1987இல் 'மக்கள் அளவி' தேசிய அளவில் நடைமுறைக்கு வந்தது. வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பொத்தான் உண்டு. பார்க்கத் தொடங்கும்போது அவரவர் தம் பொத்தானை அழுத்தவேண்டும்.

அளவீட்டில் இரண்டு எண்கள் முதன்மையானவை. நூறு வீடுகள் கொண்ட ஓர் ஊரை எண்ணிப் பாருங்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு அவற்றுள் முப்பது வீடுகளில் மட்டும் தொலைக்காட்சி ஓடுகின்றது. ஆறு வீடுகளில் ஒரு குறிப்பிட்ட தொடர் பார்க்கப்படுகின்றது. மொத்த நூறு வீடுகளில் ஆறு என்பதால் அத்தொடரின் 'ரேட்டிங்' 6. ஓடிக்கொண்டிருக்கும் முப்பது பெட்டிகளில் ஆறு என்பதால் அதன் பங்கு 20 விழுக்காடு. முதல் எண் ஊரில் எவ்வளவு பேரைத் தொடர் சென்றடைந்தது என்பதைக் காட்டும். இரண்டாம் எண் அந்நேரத்தில் பெட்டியின் முன் இருந்தோருள் எத்தனை பேரை வென்றது என்பதைக் காட்டும். வீட்டில் இருப்போர் குறையக் குறைய, பங்கு மாறாமலே முதல் எண் இறங்கிவிடும். 

அமெரிக்காவில் தொலைக்காட்சி உள்ள வீடுகள் 12 கோடிக்கும் அதிகம். நீல்சன் கருவி பொருத்தப்பட்டவையோ ஏறத்தாழ 40,000 வீடுகள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று தமிழ்ப் பாட்டி சொல்வது இதற்கும் பொருந்தும். ஆனால் சமைத்தறிந்த எவரும் இன்னொன்றையும் அறிவார். பானையை நன்கு கிளறியிருந்தால்தான் ஒரு சோறு பதம் சொல்லும். மேலே குழைந்தும் அடியில் வேகாமலும் இருக்கும் பானையில் மேற்சோற்றை மட்டும் எடுத்துப் பார்த்தவர் ஏமாறுவார். சமூகம் என்னும் பானையில் எந்த மூலையிலிருந்து சோறு எடுக்கப்படுகின்றது என்பதே இங்கு வினா.

எண்ணப்பட்டவர்களும் ஒரே நிறையுடையவர்களாகக் கொள்ளப்படுவதில்லை. பகல்நேரத் தொடர்களில் விளம்பரதாரர் பெரிதும் விலை கொடுத்தது 18 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுக்கே. நாற்பது ஆண்டுகள் ஒரு தொடரைத் தவறாமல் பார்த்த பெண், ஐம்பதாவது பிறந்தநாளன்று அந்தக் கணக்கிலிருந்து வெளியேறிவிடுகின்றாள். அவளது பற்றில் குறையேதும் இல்லை. அவளுடைய கவனத்துக்கு விலை குறைந்துவிட்டது. மறுமுனையில் இளையோரும் இவ்வாறே தள்ளப்பட்டனர். 1966 முதல் 1971 வரை ஏ.பி.சி ஒளிபரப்பிய 'டார்க் ஷடோஸ்' என்னும் பேய்க்கதைத் தொடரைப் பள்ளி விட்டு ஓடிவந்து பார்த்த மாணவர்கள் ஏராளம். ஆனால் சவர்க்காரமும் சலவைத்தூளும் வாங்குவோர் மாணவர்கள் அல்லர். அளவீடு இறங்கத் தொடங்கியதும் அத்தொடரைத் தாங்கிப் பிடிக்க விளம்பரதாரர்க்குக் காரணம் இருக்கவில்லை.

அளவீடு ஒரு தொடரைக் காத்ததும் உண்டு. 1963இல் தொடங்கிய 'ஜெனரல் ஹொஸ்பிட்டல்' 1970களின் பிற்பகுதியில் கைவிடப்படும் நிலையில் இருந்தது. 1978இல் குளோரியா மொன்ரி என்னும் பெண்மணி தயாரிப்புப் பொறுப்பை ஏற்றுக் கதையின் வேகத்தைக் கூட்டினார். 1981 நவம்பரில் அத்தொடரின் லூக், லோரா ஆகிய இருவரின் திருமணத்தை ஏறத்தாழ மூன்று கோடிப் பேர் பார்த்தனர். அமெரிக்கப் பகல்நேரத் தொடர் வரலாற்றில் அதுவே உச்சம்.

பின்னர் இறக்கம் வந்தது. பெண்கள் பெருந்தொகையாக வேலைக்குச் சென்றதால் பகலில் வீடுகள் வெறுமையாயின. கம்பிவடத் தொலைக்காட்சி நூற்றுக்கணக்கான அலைவரிசைகளைக் கொண்டுவந்தது. 1995இல் ஓ.ஜே. சிம்சன் வழக்கு விசாரணை மாதக்கணக்கில் பகல்நேரத்தை ஆக்கிரமித்தது. தொடர் பார்க்கும் பழக்கம் அறுந்த பலர் திரும்பி வரவில்லை. 2010 செப்டெம்பரில், 54 ஆண்டுகள் நடந்த 'அஸ் த வேர்ல்ட் ரேர்ன்ஸ்' முடிந்தது. 2011 செப்டெம்பரில் 'ஓல் மை சில்ட்ரன்', 2012 சனவரியில் 'வன் லைஃப் ரு லிவ்' ஆகியவற்றை ஏ.பி.சி நிறுத்தியது. இவ்விரு தொடர்களின் முடிவு 2011 ஏப்பிரலில் அறிவிக்கப்பட்டபோது, தூசுறிஞ்சி விற்கும் ஹூவர் நிறுவனம் பார்வையாளர் பக்கம் நின்று ஏ.பி.சியிலிருந்து தன் விளம்பரங்களை விலக்கிக்கொண்டது. ஆயினும் முடிவு மாறவில்லை. 1965இல் தொடங்கிய 'டேஸ் ஒஃப் அவர் லைவ்ஸ்' 2022 செப்டெம்பரில் இணையச் சேவை ஒன்றுக்கு மாற்றப்பட்டது. ஒரு காலத்தில் பத்துக்கும் மேற்பட்ட தொடர்கள் ஓடிய பகற்பொழுதில், இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக மூன்று மட்டுமே எஞ்சியிருந்தன.

இவ்வளவு அதிகாரம் கொண்ட அந்த எண் எதை அளப்பதில்லை என்பதையும் பார்க்கவேண்டும். 1962இல் 'கைடிங் லைட்' தொடரின் தலைமை எழுத்தாளர் அக்னஸ் நிக்சன், கதையின் முதன்மைப் பெண் ஒருத்திக்குக் கருப்பைப் புற்றுநோய் வருவதாகவும், பரிசோதனையால் அது உரிய காலத்தில் கண்டறியப்படுவதாகவும் எழுதினார். 'புற்றுநோய்', 'கருப்பை' ஆகிய சொற்களையே உச்சரிக்கக்கூடாது என்ற நிபந்தனையின் பேரில்தான் அதற்கு இசைவு கிடைத்தது. மருத்துவரிடம் கேட்க வெட்கப்பட்ட பெண்கள் தம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து அதை அறிந்துகொண்டனர். அன்றைய நாளின் அளவீடு எத்தனை வீடுகளில் பெட்டி ஓடியது என்பதைச் சொல்லும். அதைப் பார்த்துவிட்டுப் பரிசோதனைக்குச் சென்ற பெண்ணை அது காணாது.

இனி, எண்ணப்படாதோர் என்ன செய்தனர் என்பதற்கு வருவோம். 2004இல் நியூயோர்க் போன்ற பெருநகரங்களில் நாட்குறிப்பு முறையை நீக்கி மக்கள் அளவியைப் புகுத்த நீல்சன் முற்பட்டபோது, கறுப்பின மக்களும் ஸ்பானிய மொழியினரும் குறைத்து எண்ணப்படுகின்றனர் என்று பெரும் எதிர்ப்பு எழுந்தது. 'எங்களை எண்ணாது விடாதீர்' என்னும் பெயரில் ஒரு கூட்டமைப்பு இயங்கியது. அதற்குப் பின்னால் ஒரு பெரிய ஊடக நிறுவனத்தின் பணமும் இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆயினும் அது எழுப்பிய கேள்வி பொய்யானதன்று. சிறுபான்மையினர் வீடுகளில் பொத்தான் முறையாக அழுத்தப்படாமையால் கணக்கிலிருந்து கழிக்கப்படும் வீதம் உண்மையாகவே கூடுதலாக இருந்தது. நீல்சன் நியூயோர்க் நடைமுறையைச் சில மாதங்கள் தள்ளிவைக்க நேர்ந்தது.

ஸ்பானிய மொழியினர் அதற்கும் முன்பே வேறொரு வழியில் நடந்திருந்தனர். தம் நெடுந்தொடர்களை எத்தனை பேர் பார்க்கின்றனர் என்று எண்ணிக் காட்டாவிடில் எந்த விளம்பரதாரரும் தம்மைத் திரும்பிப் பாரார் என்பதை யுனிவிசன், ரெலிமுண்டோ ஆகிய அவர்களது தொலைக்காட்சிகள் உணர்ந்தன. அவை தாமே பணம் கொடுக்க, 1992இல் ஸ்பானிய மொழி வீடுகளுக்கெனத் தனி அளவீட்டை நீல்சன் தொடங்கியது. 2007இல் அத்தனிக் கணக்கு முடிக்கப்பட்டு, அம்மக்கள் நாட்டின் பொதுக் கணக்குக்குள் சேர்க்கப்பட்டனர். ஓரத்தில் நின்றவர்கள் பானையின் நடுவுக்கு வர 15 ஆண்டுகள் சென்றன.

புலம்பெயர் தமிழ் வீட்டின் நிலை என்ன? பிற்பகலில் தாயும் பாட்டியும் பார்க்கும் சென்னைத் தொடரின் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் 'பார்க்' அளவீடு இந்தியாவிலுள்ள வீடுகளை மட்டுமே எண்ணுகின்றது. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ சிட்னியிலோ அத்தொடரைப் பார்த்துக் கண்ணீர் விடும் பாட்டி அக்கணக்கில் இல்லை. அனுமதியின்றி மறுஒளிபரப்பும் இணையத்தளங்களில் பார்ப்பவரோ தயாரிப்பாளரின் எந்தக் கணக்கிலும் இல்லை. ஆகவே புலம்பெயர் வாழ்வு அத்தொடர்களில் விமான நிலையக் காட்சியாக மட்டும் வந்து மறைவதில் வியப்பில்லை. வாழும் நாட்டிலும் பிரித்தானியாவில் 'பார்ப்', கனடாவில் 'நியூமெரிஸ்', ஆஸ்திரேலியாவில் 'ஒஸ்ராம்' ஆகியவை மாதிரி வீடுகளைக் கொண்டே அளக்கின்றன. சிறிய சமூகத்திலிருந்து அம்மாதிரிக்குள் சேரும் வீடுகள் சிலவே. அச்சிலவும் அச்சத்தாலோ அலட்சியத்தாலோ விலகிக்கொண்டால், அச்சமூகம் அங்கும் இல்லாததாகிவிடும்.

பெற்றோர்களே, அளவீட்டு நிறுவனங்கள் வீடுகளைத் தாமே தெரிந்தெடுக்கின்றன. எவரும் விரும்பிச் சேர இயலாது. எனவே அத்தகைய அழைப்பு ஒரு தமிழ் வீட்டுக்கு வருமாயின், அதை விளம்பரக் கடிதமென்று குப்பையில் இடவேண்டாம். அது உண்மையான நிறுவனத்திடமிருந்து வந்ததா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். எவ்விவரங்கள் பதியப்படும் என்பதைக் கேட்டறியுங்கள். அதன் பின் முடிவெடுங்கள். சேர்ந்தால், வீட்டில் பேசும் மொழி தமிழ் என்பதைத் தயங்காமல் எழுதுங்கள். பாட்டியின் பொத்தானை அழுத்த அவருக்குப் பேரப்பிள்ளைகள் கற்றுக்கொடுக்கட்டும்.

இளையோர்களே, 'முதலிடம் பெற்ற தொடர்' என்று எவர் சொன்னாலும் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகுங்கள். எத்தனை வீடுகளை எண்ணினார்கள்? எந்த வயதினரை எண்ணினார்கள்? எவருக்கு விற்பதற்காக எண்ணினார்கள்? இம்மூன்றுக்கும் விடை தெரிந்தால் அந்த எண்ணுக்கு உரிய மதிப்பை மட்டும் கொடுக்க இயலும். நீல்சன் 2025இல் மாதிரி வீடுகளின் கணக்கோடு, கோடிக்கணக்கான கருவிகளிலிருந்து திரளும் தரவையும் இணைத்து அளக்கத் தொடங்கியது. இனி எண்ணுபவர்கள் புள்ளியியலும் கணினியும் கற்றவர்களாகவே இருப்பர். அந்த மேசையில் தமிழ்ப் பிள்ளைகளும் அமரவேண்டும். பானை கிளறப்பட்டதா என்று கேட்க ஒருவர் அங்கு இருக்கவேண்டும்.

2025 பெப்ரவரி 24ஆம் நாள் சி.பி.எஸ் தொலைக்காட்சியில் 'பியொண்ட் த கேற்ஸ்' என்னும் புதிய பகல்நேரத் தொடர் தொடங்கியது. 1999க்குப் பின் அமெரிக்கப் பெருந்தொலைக்காட்சி ஒன்றில் புதிதாகத் தொடங்கிய முதல் பகல்நேரத் தொடர் அது. அதன் நடுவில் இருப்பது செல்வமிக்க ஒரு கறுப்பினக் குடும்பம்; அதன் உருவாக்கத்தில் கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி பங்கேற்றது, பழைய சவர்க்கார நிறுவனமும் மீண்டும் கைகோத்தது. தம்மை எண்ணுமாறு நெடுங்காலம் கேட்டுக்கொண்டே இருந்த மக்களின் வீட்டுக் கதை, இன்று பிற்பகல் இரண்டு மணிக்கு ஒளிபரப்பாகின்றது. கேட்பதை நிறுத்தாதவர்களுக்கே அந்த நேரம் வாய்க்கின்றது.